மெஷின் ரேகை எடுக்காத நாள்

பதினோரு மாதத்துக்கு ஒரு முறை என் வேலை போய்விடும். ஒரே ஒரு நாள்தான். மறுநாள் காலை அதே ஆஸ்பத்திரி, அதே வார்டு, அதே உடைந்த நாற்காலி, கையில் புது ஆர்டர். அரசாங்கம் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பிரேக்'. டீ குடிக்கிற பிரேக் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒருத்தி இடைவெளி இல்லாமல் வருஷக்கணக்கில் வேலை செய்தால், என்னை நிரந்தரமாக்கு என்று கேட்க அவளுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். அது கிடைக்கக் கூடாதென்று வெட்டிவிடுகிற நாள் அது.

நான் புனேயில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வார்டு. வார்டின் ஒப்பந்த நர்ஸ்கள் நாலு பேருக்கும் ஒரே தேதியில் ஆர்டர் என்பதால் பிரேக்கும் ஒரே நாளில் விழும். அன்று வருகை மெஷினிலிருந்து எங்கள் கட்டை விரல் ரேகையை அழித்துவிடுவார்கள். முதல் வருஷம் இந்தக் கூத்து எனக்குத் தெரியாது. பழக்க தோஷத்தில் காலையில் போய் விரலை வைத்தேன். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டி மறுத்தது. துடைத்துத் துடைத்து வைத்தேன். வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் பிரேக் நாள் வந்தால் நாலு பேரும் சேர்ந்து மிசல் சாப்பிடப் போய்விடுவோம். அன்றைக்கு எங்கள் வார்டை நிரந்தர நர்ஸ்கள் யாராவது வந்து பார்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் என் அக்கா.

ஆமாம், என் சொந்த அக்காவும் அதே ஆஸ்பத்திரியில்தான், பிரசவ வார்டில். அவள் நிரந்தரம். அவள் சேர்ந்த காலத்தில் ஆள் எடுத்தார்கள், நான் படித்து முடித்த காலத்தில் ஆள் எடுப்பதை நிறுத்தி ஒப்பந்தம் போட ஆரம்பித்தார்கள். எங்களுக்குள் வித்தியாசம் அவ்வளவுதான். அவள் யூனியனில் பெரிய ஆள். அடுத்த வருஷம் ஓய்வு. அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து கன்டோன்மென்ட் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தவர். ஏரவாடாவில் அவர் கட்டிய வீட்டில் கீழே அக்கா, மேலே நானும் என் பிள்ளைகளும். ரெண்டு பேரும் புனேயில் பிறந்தவர்கள், ரெண்டு பேருக்கும் மராத்தி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சண்டை போட வேண்டுமென்றால் அப்பாவின் ஊர்ப் பேச்சுதான் வரும்.

எனக்கு நேரடித் தேர்வு எழுதும் வயது தாண்டிவிட்டது. மிச்சமிருந்தது ஒரே வழி, கோர்ட். வக்கீல் ஒருவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஏதாவது ஒரு பிரேக் நாளில் நீங்கள் வேலை செய்தீர்கள் என்று காட்ட முடிந்தால் போதும். பிரேக்கே நாடகம் என்று நிரூபித்துவிடலாம்." அந்த ஒரு நாளுக்கு நான் எங்கே போக? அதற்காகத்தானே ரேகையையே அழிக்கிறார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஸ்ட்ரைக் வந்தது. சம்பள ஒப்பந்தம் முடிந்து புது ஒப்பந்தம் பேசாமல் அரசாங்கம் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. மாநிலம் முழுக்க நிரந்தர ஊழியர்கள் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். எங்களை மட்டும் ஆபீசில் கூப்பிட்டு, ஒப்பந்தக்காரர்கள் யாராவது கேட்டில் போய் உட்கார்ந்தால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் உள்ளே போனோம். வேறு என்ன செய்ய? குழந்தைகள் வார்டை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்ற தைரியத்தில்தான் அக்காவின் ஆட்கள் வெளியே நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். அதை யாரும் மைக்கில் சொல்லவில்லை.

மைக் அக்காவின் கையில். "கோண் மண்தோ தேணார் நாஹி" என்று அவள் கத்துவாள். தரமாட்டேன் என்று சொல்வது யார்? வாங்காமல் விடமாட்டோம் என்று கூட்டம் திருப்பிக் கத்தும். இரண்டாம் நாள் நான் கேட்டைத் தாண்டும்போது அவள் குரல் இன்னும் ஏறியது. முதுகில் குத்துகிற துரோகிகள் என்று ஏதோ சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு போனேன். காது மட்டும் எரிந்தது.

சாயங்காலம் நேரே அவள் சமையலறைக்குப் போனேன்.

"துரோகின்னு கத்துனியே, அது யாரு?"

"ஒன்னையச் சொல்லலட்டி. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா உள்ள போனது நாங்க நாலு பேருதான்."

"ஏட்டி, ஒங்களுக்கும் சேத்துதான கேக்கோம்? ஒப்பந்தக்காரங்கள நெரந்தரமாக்கணும்னு கோரிக்கையில இருக்கு. போயிப் படிச்சுப் பாரு."

"எத்தனாவது கோரிக்கை?"

அக்கா சாம்பாரைக் கிளறினாள். கடைசிக் கோரிக்கை என்று ரெண்டு பேருக்கும் தெரியும். பேரத்தில் முதலில் உதிர்கிறது அதுதான் என்றும் தெரியும். நான் சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் பேசவில்லை.

ஸ்ட்ரைக் முடிகிற வழியாக இல்லை. அதன் நடுவில் எங்கள் பிரேக் நாள் வந்து நின்றது.

முந்தின நாள் ஆபீஸ் கிளார்க் போன் செய்தார். குரலில் தேன். "சிஸ்டர், நாளைக்கு வந்துவிடுங்கள். ஆளே இல்லை."

"பிரேக்கை ரத்து செய்துவிட்டீர்களா?"

"அது எப்படி முடியும்? அது மும்பை உத்தரவு. நீங்கள் சும்மா வாருங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்."

"என் ரேகையை அழிக்காமல் விடுங்கள், வருகிறேன்."

"ரேகை விழுந்தால் தொடர்ச்சி ஆகிவிடுமே சிஸ்டர்."

"அப்படியானால் நாளைக்கு நான் உங்கள் ஆள் இல்லை" என்று சொல்லிப் போனை வைத்தேன். என் உழைப்பு வேண்டும், நான் வேண்டாம் என்று ஒரு மனுஷன் அவ்வளவு இனிமையாகச் சொல்கிறார். மற்ற மூன்று பேருக்கும் போன் செய்தேன். ரேகை எடுத்தால் போவோம், இல்லையென்றால் இல்லை என்று முடிவு செய்தோம்.

மறுநாள் காலையில் நாலு பேரும் கேட்டுக்குப் போனோம். ஸ்ட்ரைக் கூட்டம் வேப்பமரத்துப் பக்கம், நாங்கள் எதிர்ப்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டின் ஓரம். அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டே எங்களைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிய நேரமாகவில்லை. இத்தனை வருஷம் எங்கள் பிரேக் நாளில் உள்ளே போய் நின்றவளே அவள்தானே. இன்றைக்கு அவளும் வெளியே, நாங்களும் வெளியே.

"உள்ள யாரு இருக்கா?" என்று தமிழிலேயே அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். பல நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ஒரு டிரெய்னி டாக்டர். ஒரு ஸ்டூடண்ட் பொண்ணு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

அவள் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

எனக்கு உள்ளே இருந்த குழந்தைகள் ஒவ்வொன்றும் தெரியும். அதில் ஒன்று மூச்சு விட மறந்துபோகும். மிகவும் முந்திப் பிறந்த குழந்தைகள் சில அப்படித்தான். மூச்சு நின்று உடம்பு நீலமாகும்போது பக்கத்தில் ஆள் இருந்து உள்ளங்காலைச் சுண்டிவிட வேண்டும், முதுகைத் தேய்த்துவிட வேண்டும். சட்டென்று நினைவு வந்த மாதிரி திரும்ப மூச்சு விடும். பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்தை விட்டு நகராமல் ஒரு ஆள் வேண்டும். வார்டு முழுக்கக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அந்த ரெண்டு பேரும் எப்படி நகராமல் நிற்பார்கள்? நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடாதே, எழுந்து போய்விடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறிய பிறகு பெரிய டாக்டரே கேட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கே தலைவர். அவருக்குப் பின்னால் அந்தக் குழந்தையின் அப்பா. போசரியில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிற பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவனுக்கு யார் நிரந்தரம், யார் ஒப்பந்தம், யார் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. வெள்ளைச் சட்டை போட்ட எல்லாரையும் பார்த்து "தீதி, மூச்சு நிக்குது, தீதி" என்று இந்தியில் அழுதுகொண்டிருந்தான்.

டாக்டர் என் எதிரில் வந்து கைகூப்பினார். ஊரே பார்க்கிறது. "சிஸ்டர், வாருங்கள்."

"ரேகை?"

"என் கையில் இல்லை."

"அப்புறம் எதற்கு சார் என்னைக் கூப்பிடுகிறீர்கள்? இன்றைக்கு நான் ரோட்டில் போகிற பொம்பளை. ரோட்டில் போகிறவளை வார்டுக்குள் விடுவீர்களா?"

"குழந்தை மூச்சு நிற்கும்போது ரேகையைப் பற்றிப் பேசுகிறீர்களே" என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. மூச்சை நிறுத்தியது நானா? ஆளை வெட்டியது நானா? கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தப் பக்கம் சலசலப்பு. அக்கா எழுந்துவிட்டாள். யூனியன் பேட்ஜைக் கழற்றிப் பக்கத்தில் இருந்தவள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டைப் பார்த்து நடந்தாள். அவள் ஆட்கள் "சிஸ்டர், சிஸ்டர்" என்று கத்துகிறார்கள்.

நான் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தேன். "எங்க போற?"

"நான் போறேன். ரேகை விழாம நீ வேல செஞ்சா ஒன் கேஸு போயிரும்லா. நீ உக்காரு."

"கூறுகெட்டவளே! நீ போனாத்தான் என் கேஸே போவும். பிரேக்குல ஒருத்தரும் தேவைப்படல, நெரந்தர நர்ஸே வந்து பாத்துக்கிட்டான்னு எழுதிருவாங்க. ஒன் ஸ்ட்ரைக்கும் போச்சு, என் நாளும் போச்சு. என்னத்த நெனச்சு எந்திரிச்ச?"

அக்கா அப்படியே நின்றாள். அவள் எனக்கு நல்லது செய்யத்தான் எழுந்தாள் என்று எனக்குத் தெரியாதா? அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பையன் இன்னும் அழுதுகொண்டிருந்தான். எனக்கு அதற்குமேல் முடியவில்லை. டாக்டரைப் பார்த்துத் திரும்பினேன்.

"சார், நான் வருகிறேன். ரேகை வேண்டாம். இன்றைக்கு நான் வேலை செய்தேன் என்று நாளைக்கு யாராவது கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டும். இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன்."

"சொல்வேன்" என்றார். "நானே சொல்வேன்."

உள்ளே போனேன். மற்ற மூன்று பேரும் என் பின்னால் வந்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு போய் அந்தக் குழந்தையின் பக்கத்தில் நின்றவள்தான், சாயங்காலம் வரை நகரவில்லை. அது மறந்தபோதெல்லாம் சுண்டினேன். ஊசி போட்டேன், பால் கொடுத்தேன், எல்லாவற்றுக்கும் குழந்தையின் சார்ட்டில் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டேன். போடும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேலை செய்தால் கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம், அவ்வளவுதான். குழந்தை பிழைத்தது.

அந்த வாரமே மும்பையில் ஒப்பந்தம் ஆயிற்று. கேட்டில் பட்டாசு, குலால் கலர்ப்பொடி, பேடா. அக்காதான் ஒப்பந்தத்தை மைக்கில் வாசித்தாள். சம்பள உயர்வு வந்தது. ஸ்ட்ரைக் செய்தவர்கள் மேல் நடவடிக்கை இல்லை. ஸ்ட்ரைக் நாட்கள் முழுவதும் வேலை செய்த நாட்களாகவே கணக்கிடப்படும், யாருக்கும் சர்வீஸில் முறிவு இல்லை. அந்த வரிக்குத்தான் கைதட்டல் அதிகம். ஒப்பந்தப் பணியாளர்கள் விஷயத்தை ஆராய ஒரு கமிட்டி அமைக்கப்படும். அதை வாசிக்கும்போது அக்காவின் குரல் இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை, பேடா டப்பா சுற்றிக்கொண்டிருந்தது.

நான் வார்டு ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் உள்ளே இருந்தார்களாம். உள்ளே இருந்த நான் இல்லையாம். நல்லா இருக்கு நியாயம் என்று வாய்விட்டே சொன்னேன். ஸ்டூடண்ட் பெண் பயந்து என்னைப் பார்த்தாள்.

அடுத்த சில நாட்களில் அக்காவையும் என்னையும் பெரிய டாக்டர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். மேசை மேல் அந்தக் குழந்தையின் சார்ட். வக்கீல் கேட்ட அந்த ஒரு நாள் என் கையெழுத்தோடு அதில்தான் இருந்தது. பக்கத்தில் அதே சார்ட்டைப் புதிதாக எழுதிய ஒரு பிரதி, கையெழுத்து இடம் மட்டும் காலி. கிளார்க் நின்றுகொண்டே விளக்கினார். பிரேக்கில் இருப்பவர் ஊசி போட்டதாகச் சார்ட்டில் இருந்தால் ஆடிட்டில் மாட்டும். அக்காவோ ஸ்ட்ரைக் ஒப்பந்தப்படி அன்று டூட்டியில் இருந்தவர். ஆகவே புதுப் பிரதியில் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பழையதில் என் கையெழுத்து தவறுதலாக விழுந்துவிட்டது என்று நான் ரெண்டு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற மூன்று பேரும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். ஸ்ட்ரைக்கைச் சாக்குச் சொல்லி அதுவரை தராத என் புது ஆர்டரைக் கையிலேயே வைத்திருந்தார். எழுதிக் கொடுத்தால் அது என் கைக்கு வரும்.

நான் டாக்டரைப் பார்த்தேன். சொல்வேன், நானே சொல்வேன் என்றவர். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்" என்றேன். அவர் திரும்பவில்லை. "எனக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார்.

அவ்வளவுதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேலை வேண்டுமே. பிள்ளைகள் படிக்கிறார்கள், வேறு வருமானம் இல்லை. நான் பேனாவை எடுத்துவிட்டேன். அக்காவைப் பார்த்துத் தமிழில் சொன்னேன். "யக்கா, போட்டுரு. வம்பு வேண்டாம்."

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புதுப் பிரதியை எடுத்தாள். மேலிருந்து கீழே வரை படித்தாள். திரும்ப மேசையில் வைத்துவிட்டு டாக்டரிடம் மராத்தியில் சொன்னாள்.

"அன்றைக்கு நான் வேலை செய்யவில்லை சார். கேட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்த்தீர்கள். வேலை செய்தவள் இதோ நிற்கிறாள்."

கிளார்க் சிரித்துச் சமாளித்தார். "சிஸ்டர், நீங்கள் டூட்டியில் இல்லை என்று நீங்களே சொன்னால் அந்த ஒரு நாள் உங்களுக்கு முறிவு விழும். ரிட்டயர் ஆகப்போகிற நேரம். முறிவு விழுந்தால் பழைய சர்வீஸ் முழுவதையும் தோண்டுவார்கள். பென்ஷன் சிக்கலாகும்."

"விழட்டும்" என்றாள். "எழுதித் தரவும் தயார். எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்வேன்."

"யக்கா, சும்மா இரு" என்றேன்.

"நீ பேனாவ வையிட்டி!"

அவள் என்னை அப்படி அதட்டி எத்தனையோ வருஷமாயிற்று. பேனாவை வைத்துவிட்டேன். டாக்டர் இப்போதுதான் திரும்பினார். முகம் கறுத்திருந்தது. இன்றைக்குப் போங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். கிளார்க் என் ஆர்டரை மேசை டிராயருக்குள் போட்டு மூடினார்.

ரூமை விட்டு வந்து மாடிப்படி இறங்கும்போது நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அழுகையும் வந்தது, திட்டும் வந்தது. "கோட்டிக்காரி, கோட்டிக்காரி. போற காலத்துல ஒனக்கு இது தேவையா? ஒரு கையெழுத்து. கண்ண மூடிக்கிட்டுப் போட்டா முடிஞ்சு போச்சு."

பாதிப் படியில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அவ்வளவு நிமிர்ந்து பேசியவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, பென்ஷன் போயிருமோ? பயமா இருக்குட்டி."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "போனா போவட்டும். நான் இருக்கம்லா. நான் சம்பாதிச்சுப் போடுதேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த வேலைய வச்சுட்டி?" என்றாள்.

அவள் கேலிக்குக் கேட்கவில்லை. என் ஆர்டர் மேலே டிராயருக்குள் இருந்தது. மேலேயிருந்து ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வந்த ஆட்கள் வழிவிடச் சொல்லும் வரை ரெண்டு பேரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தோம்.